வாத்தியாருக்கு எத்தனை மார்க்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் முதுகுவலியும் சேர்ந்தே நலம். அங்கே நீ, உன் காதுக் கருவி, மகன், மருமகள் எல்லாரும் நலமென்று நம்புகிறேன். போனில் பேசினால் உனக்கு விசில்தான் கேட்கிறது. உன் மகன் ஸ்பீக்கரில் போட்டுவிடுவதால் நான் சொல்வதை அந்த வீடே கேட்கிறது. ஆகவே கடிதம். இதில் இன்னொரு வசதி, நீ குறுக்கே பேச முடியாது.

உன் நாய்க்கு உடம்பு சரியில்லை. கொஞ்ச நாளாக இருமல். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கூடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கி, சுவற்றில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். காத்திருக்கும் இடத்தில் நல்ல கூட்டம். சீட்டு எழுதும் பெண் கதவைத் திறந்து, "வாத்தியார் யாருங்க? வாத்தியார் உள்ள வாங்க" என்றாள். நான் எழுந்தேன். உன் நாயும் எழுந்தது. எதிரில் பூனைக் கூடையோடு இருந்தவர், "ரெண்டு பேருல யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

கணக்கு வாத்தியாராகத் தம்பி ஒருவன் இருக்கும்போதே நாய்க்கு அந்தப் பெயரை வைத்தவன் நீ. "கூப்பிட்டா வராது, சொன்னா கேக்காது, எல்லார் மேலயும் எரிஞ்சு விழும். வேற என்ன பேரு வைக்கிறது?" என்று சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிச் சிரித்தாய். நான் மறக்கவில்லை. அந்தப் பெயரால் நான் அதை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதுமில்லை.

இதயம் பெருத்துவிட்டதாம். நுரையீரலில் நீர் சேர்கிறதாம். குணமாக்க முடியாது, மாத்திரையால் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டரம்மா.

வீட்டையும் நாயையும் மூன்று மாதம் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு மகனிடம் போனாய். இது இரண்டாவது வருடம். இன்றுவரை நான் கேட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அது திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து உறுமுகிறது. சோறு போடுகிறவன் நான். இப்போது உறுமலுக்கு நடுவில் இருமல் வருகிறது. இருமி முடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி உறுமுகிறது.

என்ன செய்வதென்று எழுது. நாய் உன்னுடையது.

இப்படிக்கு,
உன் தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

இங்கு சுகம். உன் முதுகுவலிக்குக் காரணம் நீ நாற்காலியில் வழுக்கி வழுக்கி உட்காருவது. நிமிர்ந்து உட்கார்.

'சுவற்றில்' என்று எழுதியிருக்கிறாய். சுவரில். சுவர், சுவரில். கிணறுதான் கிணற்றில். இதை நீ ஆறாவது படிக்கும்போது சொன்னேன். கணக்கு வாத்தியார் என்பதால் தமிழைக் கொல்லலாம் என்று யாரும் உனக்கு அனுமதி தரவில்லை.

வாத்தியார் உறுமுகிறானா? அவன் ஆள் பார்த்துத்தான் உறுமுவான்.

மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒரு தாள் கொடுத்தான், இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கே இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்களாம். வலி, பசி, தண்ணீர், சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா என்று ஏழு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் பத்து. முப்பத்தைந்துக்கு மேல் வந்தால் அது வாழும் வாழ்க்கை வாழ்க்கைதான். கீழே இறங்கினால் ஊசி போட்டு அனுப்பிவிடுவதே கருணை. பேப்பர் திருத்துவதில் நீ புலியாயிற்றே, நீயே திருத்து. உன் பிடிவாதத்தை இதில் காட்டாதே.

தண்ணீர் மோட்டாரை வாரத்துக்கு ஒரு தடவை ஓடவிடு. சும்மா கிடந்தால் இறுகிப்போகும்.

அண்ணன்


மார்ச் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு நலம். நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன், வலி அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்னது தவறு என்று தெரிவிப்பதில் மகிழ்ச்சி. அங்கு அனைவரும் சௌக்கியமாக இருக்கட்டும்.

திருத்திவிட்டேன். வலிக்கு ஏழு. மூச்சு வாங்குகிறது, ஆனால் முனகுவதில்லை. பசிக்கு ஐந்து. மாத்திரையை வெண்ணெயில் உருட்டிக் கொடுத்தால் வெண்ணெயைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்புக்குள் துப்புகிறது. தண்ணீருக்கு எட்டு, அந்த மாத்திரையே தாகம் எடுக்க வைக்கும். சுத்தத்துக்கு மூன்று, அதே மாத்திரையால் கூடமெல்லாம் ஈரம். நடமாட்டம் மூன்று. நல்ல நாளுக்கு நாலு. மகிழ்ச்சி என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னோடு இருப்பதில் அதற்கு என்ன மகிழ்ச்சி? மூன்று. கூட்டல் முப்பத்து மூன்று. ஃபெயில்.

இனி நான் சொல்வதைக் கேள். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் நான் கருணை மதிப்பெண் போட்டதில்லை. அதனால்தான் என்னைத் தலைமையாசிரியர் ஆக்காமல், என்னைவிட இளையவனை, முப்பத்து மூன்றைக் கூசாமல் முப்பத்தைந்தாக்குகிறவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உன் நாய்க்காக என் கொள்கையைத் தளர்த்தப்போவதில்லை. ஆனால் கேள்வித்தாளே தவறாக இருந்தால்? இந்தத் தாளைத் தயாரித்தவன் நாய்களைப் பார்த்திருக்கலாம், உன் நாயைப் பார்த்ததில்லை. வெறுக்க வேண்டியவனை இன்னும் வெறுக்கிறதா என்று இதில் ஒரு கேள்வி இல்லையே.

நேற்று பள்ளியிலிருந்து வந்தேன். உன் நாயால் எழுந்து நிற்க முடியவில்லை. படுத்தபடியே மூக்கை என் பக்கம் திருப்பி, உதட்டைத் தூக்கி, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி ஒரு உறுமல். அப்புறம் ஒரே இளைப்பு. அந்த மூச்சை அது தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கலாம். என்மேல் செலவழித்தது. அதற்குப் பத்துக்குப் பத்து.

கருணை என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மார்க்கும் போடுகிறீர்கள், கொலையும் செய்கிறீர்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். ஊசி கிடையாது. வேண்டுமென்றால் நீ வந்து பிடித்துக்கொண்டு போட்டுக்கொள்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

சுகம். நீயும் அப்படியே என்று உன் கோபத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

பிரசங்கம் நன்றாக இருந்தது. ஒன்று மட்டும் சொல். நாய்க்காக என்னோடு சண்டை போடுகிறாயா, என்னோடு சண்டை போடுவதற்காக நாயை வைத்திருக்கிறாயா? மூச்சு வாங்குவது நீயல்ல. அப்பா என்னைப் பொறியியல் படிக்க வெளியூருக்கு அனுப்பிவிட்டு உன்னை வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் போட்டார். அதற்கு வாத்தியார் என்ன செய்வான்? உனக்குக் கிடைக்காத நாற்காலிக்கு அவன் என்ன செய்வான்? 'ஃபெயில்' என்று எழுதியிருக்கிறாய். தோல்வி என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?

இங்கே விசேஷமில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனேன், பாத்திரம் கருகிவிட்டது. அதிலிருந்து அடுப்படிப் பக்கம் வர வேண்டாமென்று அன்பாகச் சொல்லியிருக்கிறார்கள். எதையும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். மாலையில் நடக்கப் போனால் கூட ஓர் ஆள். சட்டைப் பையில் விலாச அட்டை. பொழுது போகாமல் அந்தத் தாளை எனக்கே போட்டுப் பார்த்தேன். முப்பத்தொன்று வந்தது. உன் மாணவனைவிட ரெண்டு கம்மி. சிரிப்பதற்காக எழுதுகிறேன், சிரித்துவிட்டு விடு.

மோட்டாரைப் பற்றிச் சொன்னதற்குப் பதில் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். மோட்டார் ஓடுகிறது. இந்த வீட்டில் சொன்னதைக் கேட்பது அது ஒன்றுதான். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நீ கேட்ட கேள்வியையே டாக்டரம்மாவும் கேட்டார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு கேட்கிறீர்களா என்று தெரியவில்லை. போன வாரம் நாக்கு நீலமாகிவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடினேன். நீரை வெளியேற்ற ஊசி போட்டு, ஆக்சிஜன் குழாய் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். மூச்சு அடங்கியதும் டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், நீங்க இதை யாருக்காகப் பண்றீங்க?"

"உங்களுக்கு அண்ணன் இருக்காராம்மா?"

"இல்ல, ஒரு தங்கச்சிதான்."

"அப்ப விடுங்க. சொன்னாப் புரியாது."

அவர் சிரிக்கவில்லை. "உங்க மேல குத்தம் சொல்லல சார். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். ஆனா போதும்னு இவனே ஒரு நாள் சொல்லுவான். அன்னைக்குக் காது குடுத்துக் கேட்டுடுங்க."

"எந்த மொழியில சொல்லுவான்?"

"உங்க ரெண்டு பேருக்குள்ள எது பேச்சோ, அதுல."

எங்கள் இரண்டு பேருக்குள் என்ன பேச்சு இருக்கிறது? வீட்டுக்கு வந்து இறக்கிவிட்டேன். தள்ளாடிக்கொண்டு போய்ச் சுவற்றில் சாய்ந்து நின்று, திரும்பி, தூக்கிக்கொண்டு ஓடியவனைப் பார்த்து உறுமினான். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நீ எது வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

உன் முப்பத்தொன்று செல்லாது. சொந்தப் பேப்பரைத் தானே திருத்துவது குற்றம். சிரிக்கச் சொன்னாய், சிரித்தேன்.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலமறிய மிகவும் ஆவல். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

உன் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. வாத்தியாரை நீ நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறாய், அதற்கும் நன்றி. எது சரியென்று உனக்குப் படுகிறதோ அதைச் செய். எனக்கு ஆட்சேபணை இல்லை.

மகனும் மருமகளும் என்னை ஓர் இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். என் வயதுக்காரர்கள் இருக்கும் இடம். சுத்தமாக இருந்தது. தோட்டம் உண்டு. ஜன்னலோரப் படுக்கை தருவதாகச் சொன்னார்கள். சேர்வதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். இவர்களும் வேலைக்குப் போகிறவர்கள், பாவம். எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு நான் கொடுத்த சிரமத்துக்கெல்லாம் நன்றி.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 3

அண்ணா,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் போய்விட்டான்.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறந்தேன். சத்தமில்லை. கூடத்தில் படுத்திருந்தான், கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தான். தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கக் குனிந்தேன். என் கையை நக்கினான். வேறு யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "டேய், உறுமுடா" என்றேன். மறுபடி நக்கினான். அவனுக்குப் பிடிக்காதபடி காதைப் பிடித்து இழுத்தேன், முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனேன். வாலை அசைத்தான். என்னோடு சமாதானமாகப் போகிற அளவுக்கு வந்துவிட்டான் என்றால் அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தார். கூடத்தில், உன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே. நான்தான் பிடித்துக்கொண்டேன். "பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார், கேட்டுக்கிட்டே போகட்டும்" என்றார். கூப்பிட்டேன். நான் என்னையே கூப்பிடுவது போலிருந்தது.

இதைக் கருணை என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. தாள் முப்பத்து மூன்று என்றபோது முடியாது என்றேன், அது சரி. அவனே சொன்னபோது கேட்டேன், அதுவும் சரி. உன்னிடம் விட்டுக்கொடுக்க எனக்கு இதில் ஒன்றுமில்லை.

இவ்வளவும் எழுதி உறையில் போடப்போகும்போது உன் கடிதம் வந்தது.

இத்தனூண்டு கடிதத்தில் மூன்று நன்றி. ஒரு மன்னிக்கவும். நான் பிறந்ததிலிருந்து இந்த இரண்டு சொல்லும் உன்னிடமிருந்து எனக்கு வந்ததில்லை. போன கடிதத்தில் வேண்டுமென்றேதான் 'சுவற்றில்' என்று எழுதினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. மோட்டாரைப் பற்றிக் கேட்கவில்லை. வேலைக்குப் போகிறவர்கள், பாவம் என்கிறாய். திரும்பத் திரும்பப் படித்தேன். என் கை ஈரமாகிவிட்டது போலிருந்தது.

முப்பத்தொன்று என்று எழுதிவிட்டுச் சிரிப்பதற்காக என்றாய். உனக்கு என்றைக்கு அண்ணா சிரிக்க வைக்கத் தெரியும்?

ஒரே கேள்வி. அந்த இடத்துக்குப் போக உனக்கு விருப்பமா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. விளக்கம் வேண்டாம். நலமா என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டேன்.

தம்பி


ஜூலை 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம், நீங்கள் நலமா?

அப்பா உங்களுக்குப் பதில் எழுத உட்காருகிறார், எழுதாமல் எழுந்துவிடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன். வாத்தியார் போனதைச் சொன்னார். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மற்றபடி உங்கள் கடிதத்தில் என்ன இருந்தது என்று சொல்லவில்லை.

சித்தப்பா, நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபின் அப்பா தனியாக இருப்பது ஆபத்து. பல இடங்களைப் பார்த்துத்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம். அங்கிருந்து வந்து அப்பாவைப் பரிசோதித்து மதிப்பெண் போட்டார்கள். பராமரிப்பு இல்லத்தில் இருக்க வேண்டிய நிலை என்றுதான் அதில் வருகிறது. முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் வாதாடுவார். இப்போது மிகவும் அமைதி. என்ன கொடுத்தாலும் சாப்பிடுகிறார், என்ன சொன்னாலும் சரி என்கிறார். முழு ஒத்துழைப்புக் கொடுக்கிறார் என்று வந்தவர்களே பாராட்டினார்கள். கையெழுத்து மட்டும் பாக்கி. அடுத்த மாதக் கடைசியில் சேர்க்கிறோம்.

எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் அவர் நன்மைக்குத்தான். முடிந்தால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்


ஆகஸ்ட் 1

அன்புள்ள மகனுக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். நீயும் உன் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும்.

ஒத்துழைப்பு என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா ஒத்துழைத்து நான் பார்த்ததில்லை. உன் அம்மா இருந்தவரை அவரும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டுமென்று போட்டோக்காரனோடு சண்டை போட்டார். அதனால்தான் அந்தப் படத்தில் உன் அம்மா மட்டும் சிரிக்கிறார். வயிற்றில் ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபோது, மயக்க மருந்து ஏறும்வரை அந்த அறையின் வயரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் என்ன சொன்னாலும் சரி என்கிறார். நீ அதை நிம்மதி என்று எடுத்துக்கொண்டாய்.

நானும் இங்கே ஒருவன் அமைதியானதைப் பார்த்தேன். அவனுக்கு இதயம் போய்விட்டது, வேறு வழியில்லை. உன் அப்பாவுக்கு அப்படி ஒன்றுமில்லை. கொஞ்சம் மறதி, கொஞ்சம் முழங்கால். சண்டை போட ஆளில்லை, அதுதான் அவருக்கு வியாதி.

அவரை யார் பரிசோதித்தார்கள், எந்தத் தாளை வைத்துப் பரிசோதித்தார்கள் என்று எனக்குக் கவலையில்லை. அந்த மதிப்பெண்ணை நான் ஏற்கவில்லை. பத்தொன்பதாம் தேதி வருகிறேன். பார்த்துவிட்டுப் போக அல்ல. வருகிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் கையோடு கூட்டிவந்துவிடுவேன். எனக்கு நீண்ட விடுப்புச் சேர்ந்திருக்கிறது, பள்ளிக்கு என்மேல் அப்படியொன்றும் பிரியமில்லை. இங்கே அவர் பாலைக் கருக்கட்டும். வழி தவறிப் போகட்டும், தேடிப் பிடிக்கிறேன். விழவும் விழலாம். ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. ஆபத்தோடு இருக்கட்டும் என்கிறேன்.

அதுவரை எதிலும் அவரிடம் கையெழுத்து வாங்காதே. இந்தக் கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

சித்தப்பா


ஆகஸ்ட் 12

டேய்,

நலம் கிடக்கட்டும்.

உன் கடிதத்தை மகன் படித்துக் காட்டினான். வயரிங் வந்த இடத்தில் நிறுத்தி, "நிஜமாப்பா?" என்றான். "அந்த போர்டுல எர்த்தே இல்லடா. டாக்டர் கொல்லலேன்னா கரண்ட் கொன்னிருக்கும்" என்றேன். மருமகள் சிரித்தாள். அப்புறம் உள்ளே போய் அழுதாள். அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது, சொல்லிவிட்டேன்.

மகன் வெகுநேரம் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்தான். "அங்க போனா சித்தப்பாவோட சண்டை போட்டுக்கிட்டே இருப்பீங்களேப்பா" என்றான். "வேற எதுக்குடா போறேன்?" என்றேன். அதற்கப்புறம் அவன் அந்தக் காகிதங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டான். கையெழுத்துப் போடவில்லை. போட முடியாதென்று நானே சொன்னேன். நீ சொன்னதற்காக அல்ல.

வந்து கூட்டிப்போக வேண்டாம், தனியாகவே வருகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். படி இறங்கும்போது முழங்கால் மடங்குகிறது. வா.

வாத்தியாரை எதற்காகக் கூடத்தில் வைத்து ஊசி போட்டாய்? வாசல் பக்கம் வெயில் விழும் இடத்தில்தான் அவன் படுப்பான். கூடவே இருந்த உனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். என்னால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.

இன்னொன்று. இங்கே குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் கதவைக் காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு குளிக்கிறேன். அங்கே தாழ்ப்பாள் இருக்கட்டும். நான் உள்ளே விழுந்து கிடந்தால் கதவை உடை. கெட்டிக் கதவு, உன்னால் ஆகாது, ஆளைக் கூப்பிடு. உள்ளேயிருந்து திட்டுச் சத்தம் வருகிறவரை அவசரமில்லை.

அண்ணன்